நியூட்ரினோவே கரும்பொருளாக இருக்கக் கூடாதா? வகுப்பில் வந்த ஒரு கேள்வி

மாலைவெயில்
சனி, மாலை 6:10

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். நேற்று பன்னிரண்டாம் வகுப்பில் பீட்டா சிதைவு நடத்தினேன். ஆற்றல் கணக்கு உதைத்ததால் 1930 டிசம்பரில் பவுலி ஒரு கடிதத்தில் புதுத் துகள் ஒன்றை (இன்று நாம் நியூட்ரினோ என்பது) முன்மொழிந்ததையும், ரைன்ஸ், கோவன் இருவரும் 1956ல் அதை அணு உலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டியதையும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்ல, ஒளியோட சேராது, எண்ணிக்கையும் ஏராளம், கொஞ்சம் நிறையும் இருக்குன்னு சொல்றீங்க. அப்போ கரும்பொருள் அதுதானே? எதுக்கு ஆக்சியான், விம்ப்னு புதுசு புதுசா பேர் வைக்கிறாங்க?"

கரும்பொருள் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் அண்டத்துப் பொருள். ஆக்சியான், விம்ப் இரண்டும் அதுவாக இருக்கலாம் என்று சொல்லப்படும், இன்னும் பிடிபடாத துகள்கள். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். "வேகமாகப் போவதால் முடியாது" என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் உதவ வேண்டும்.

துகள்வழி
சனி, இரவு 9:42

சார், துகள் கோட்பாட்டில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது ஆக்சியான் மாதிரிகளில் வேலை செய்கிறேன். அந்த மாணவியிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: அவள் கேட்டதைப் பெரிய ஆட்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பயின்ற ராமநாத் கௌசிக், மெக்லெலண்டுடன் சேர்ந்து 1972ல் ஒரு கணக்குப் போட்டார். பெருவெடிப்பில் மிஞ்சிய நியூட்ரினோக்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிறு நிறை இருந்தாலும் மொத்த எடை அண்டம் விரிவதையே பாதிக்கும். ஆகவே நிறைக்கு ஒரு மேல் எல்லை உண்டு. மறுவருடமே, விண்மீன் திரள்களின் கூட்டங்களில் காணாமல் போன எடை இந்த நியூட்ரினோக்களாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

1980ல் மாஸ்கோவில் ஒரு குழு, டிரிட்டியம் (கனமான ஹைட்ரஜன் வகை) சிதைவதை அளந்து நியூட்ரினோவின் நிறை 30 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) அளவில் இருக்கிறது என்று அறிவித்தது. கரும்பொருள் கணக்குக்கு வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுதான். புதிர் தீர்ந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

அதைக் கவிழ்த்தது முதலில் கணினி. 1983ல் வைட், ஃப்ரெங்க், டேவிஸ் மூவரும் கரும்பொருள் முழுக்க நியூட்ரினோ என்று வைத்துக்கொண்டு ஓர் அண்டத்தைக் கணினியில் வளர்த்துப் பார்த்தார்கள். வந்த அண்டம் வானத்தில் தெரிகிற மாதிரி இல்லை. நியூட்ரினோக்கள் பெருவெடிப்புக்கு ஒரு நொடி கழித்து மற்றவற்றிலிருந்து பிரிந்து, வெகுகாலம் ஒளியை ஒட்டிய வேகத்திலேயே ஓடின. வாசலில் கோலம் போட்டு முடிக்கும்போது காற்று அடித்தால் சின்னப் புள்ளிகள்தானே முதலில் கலையும்? அப்படி, பால்வீதி அளவுள்ள சின்ன முடிச்சுகள் கலைந்து, மிகப் பெரிய கூட்டங்கள் மட்டும் முதலில் உருவாகும். அவை உடைந்து பிறகுதான் விண்மீன் திரள்கள் வர வேண்டும். நிஜத்தில் திரள்கள் முதலில் வந்தன. கூட்டங்கள் பிறகு சேர்ந்தன.

மாஸ்கோ அளவீடும் பின்னால் நிற்கவில்லை. நியூட்ரினோ நிறையை அளக்கும் ஜெர்மனியின் காட்ரின் சோதனை 2025ல் வெளியிட்ட மேல் எல்லை 0.45 எலக்ட்ரான் வோல்ட். கரும்பொருள் முழுவதும் நியூட்ரினோவாக இருக்க மூன்று வகைகளின் நிறையும் சேர்ந்து ஏறக்குறைய 11 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எட்டவே எட்டாது.

ஆனால் அவள் முழுக்கத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். இப்போது நம்மைச் சுற்றி ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சராசரியாக 336 பழைய நியூட்ரினோக்கள் இருக்கின்றன. நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவதை அளக்கும் அலைவு சோதனைகளின்படி மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை 0.06 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைய முடியாது. கணக்குப் போட்டால் கரும்பொருள் அளவோடு ஒப்பிடக் குறைந்தது அரை விழுக்காடு வருகிறது. கரும்பொருளில் எந்தத் துகள் என்று நமக்குத் தெரிந்த ஒரே பங்கு இந்த அரை விழுக்காடுதான். அவள் அதைச் சரியாகக் கண்டுகொண்டாள்.

கல்தூண்
சனி, இரவு 10:25

நான் சிவில் எஞ்சினியர், ஓய்வு பெற்றவன். ஒரு கேள்வியை உள்ளபடியே கேட்கிறேன். பாலத்தில் கணக்கு உதைத்தால் நாங்கள் சூத்திரத்தைச் சந்தேகப்படுவோம். கண்ணுக்குத் தெரியாத பாரம் ஒன்று மேலே இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன? மில்குரோம் 1983ல் அதைத்தானே சொன்னார்?

துகள்வழி
சனி, இரவு 11:03

அய்யா, நியாயமான கேள்வி. மில்குரோமின் திருத்தம் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான திரள்களின் சுழற்சியைச் சரியாகச் சொல்கிறது. அந்த வெற்றியை மறைக்கக் கூடாது. ஏன் அப்படிப் பொருந்துகிறது என்பது கரும்பொருள்காரர்களான எங்களுக்கு இன்னும் வேலை வைக்கிற கேள்வி.

ஆனால் வீரா ரூபின் அளந்த திரள் சுழற்சி, அதாவது தெரிகிற பொருளின் ஈர்ப்புக்கு மிஞ்சிய வேகத்தில் திரள்கள் சுழல்வது, மட்டும் சாட்சி இல்லை. அண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளியைப் பிளாங்க் செயற்கைக்கோள் வரைபடமாக்கியது. அந்தக் காலத்து வாயு அமுங்கி விரிந்த தடம் அதில் இருக்கிறது. அமுங்காமல், ஒளியால் உதைபடாமல், சும்மா ஈர்த்துக்கொண்டு மட்டும் இருந்த ஒரு பொருள் இல்லாமல் அந்தத் தடத்தைக் கோட்டுப்படமாகப் போட்டால் தெரியும் மூன்றாவது முகட்டின் உயரம் வராது. சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல் அது வேண்டியிருக்கிறது. விதியை மாற்றி அந்த முகட்டைக் கொண்டுவருவது மிகக் கடினம். கொண்டுவந்த ஒன்றிரண்டு முயற்சிகளும் கடைசியில் ஒரு புதிய புலத்தைச் சேர்த்துத்தான் கொண்டுவந்தன. புதிய புலம் என்றால் சுற்றிவளைத்து அதுவும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பாரம்தான்.

கல்தூண்
ஞாயிறு, காலை 6:50

மூன்றாவது முகடு விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். சரி, ஆக்சியான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதுவும் இந்தப் பாரத்துக்காகச் செய்ததா?

துகள்வழி
ஞாயிறு, காலை 9:15

இல்லை அய்யா. ஆக்சியான் கரும்பொருளுக்காகப் பிறக்கவே இல்லை. நான் இந்தத் துகளை நம்பி வாழ்க்கையில் இத்தனை வருடம் கொடுத்திருப்பதற்கு அதுதான் காரணம், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நியூட்ரானுக்குள் மின்னூட்டம் உள்ள குவார்க்குகள் இருக்கின்றன. மொத்தம் பூஜ்யம் என்றாலும் கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் ஒரு பக்கமும் துளி விலகி இருக்கலாம். குவார்க்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலுவிசையின் சமன்பாடு அதை அனுமதிக்கிறது. ஒரு கோணத்தின் வடிவில் வெளிப்படையாகவே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அளந்தால் ஒன்றும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2020ல் முடிந்த அளவீட்டின்படி, நியூட்ரானைப் பூமி அளவுக்கு ஊதினாலும் அந்த விலகல் ஒரு தலைமுடியின் தடிமனை எட்டாது. ஆகவே அந்தக் கோணம் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

சிறிய எண் என்பது மட்டுமே பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். அந்தக் கோணம் இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று வலுவிசையின் வெற்றிடம்; மற்றொன்று ஹிக்ஸ் புலம் வழியாகக் குவார்க்குகளுக்கு வரும் நிறை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் உறவு கிடையாது. இரண்டு ஊரில், இரண்டு கடையில் ஆளுக்கொரு 25 கிலோ அரிசி மூட்டை வாங்குகிறீர்கள். தராசில் வைத்தால் ஒரு அரிசி மணியைப் பத்தாயிரம் துண்டாக்கி அதில் ஒரு துண்டு அளவுதான் வித்தியாசம். "தற்செயல்" என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? இரண்டு கடைக்காரர்களுக்கும் நடுவில் யாரோ ஒருவர் சரிக்கட்டியிருக்கிறார் என்றுதானே தோன்றும்?

1977ல் பெச்சி, குவின் இருவரும் அந்தச் சரிக்கட்டும் ஆளைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோணம் ஒரு நிலையான எண்ணாக இருக்க வேண்டாம். அது அசையக்கூடிய ஒரு புலமாக இருக்கட்டும். அப்படியானால் ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே, அதாவது பூஜ்யத்துக்கு, அதுவே வந்து நின்றுவிடும். புலம் அசையும் என்றால் அதற்கு ஒரு துகளும் உண்டு என்று 1978ல் வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியாகக் காட்டினார்கள். ஒரு கறையைக் கழுவுகிறது என்பதால் வில்செக் 'ஆக்சியான்' என்ற ஒரு சலவைத்தூளின் பெயரையே அதற்கு வைத்தார்.

அந்த முதல் ஆக்சியானை சோதனைகள் சீக்கிரமே தள்ளுபடி செய்துவிட்டன. 1979 முதல் 1981 வரை வந்த மாதிரிகள் அதை மிக லேசாகவும், எதோடும் ஒட்டாததாகவும் ஆக்கின. பிடிக்கவே முடியாத துகள் என்று அதை ஓரம் வைத்தார்கள். அப்புறம் 1983ல் மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரு விஷயத்தைக் கவனித்தன. வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டத்தின் தொடக்கத்தில் அந்தப் புலம் ஏதோ ஒரு கோணத்தில் இழுத்துப் பிடித்த ஊஞ்சல் மாதிரி நிற்கிறது. அண்டம் விரியும் வேகமே அதை அசையவிடாமல் பிடித்திருக்கிறது. விரிவு தளர்ந்ததும் ஊஞ்சல் விடுபட்டு ஆடத் தொடங்குகிறது. நிறுத்த ஆளில்லை. விரிவில் வீச்சு குறைந்துகொண்டே வந்தாலும் இன்றைக்கும் அது ஆடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த மீதி ஆட்டத்தின் எடையைக் கணக்கிட்டால், ஆக்சியான் தேவையான நிறையில் இருக்கும்போது, அது கரும்பொருளின் எடைக்கே வந்து நிற்கிறது.

மாணவியின் நியூட்ரினோவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பார்க்கலாம். நியூட்ரினோ கொதிக்கும் அண்டத்தில் மோதி மோதிப் பிறந்தது. ஆகவே சூடாக ஓடியது. இந்த ஆக்சியான் மோதலில் பிறக்கவில்லை. நியூட்ரினோவைவிடப் பல ஆயிரம் மடங்கு லேசாக இருந்தும், ஓடாமல் நின்ற இடத்திலேயே ஆடும். கோலம் கலையாது.

மாலைவெயில்
ஞாயிறு, காலை 10:02

அரிசி மூட்டை போதும், திங்கட்கிழமை வகுப்பு நடந்துவிடும்! இவ்வளவு லேசான ஒன்றை எப்படித் தேடுகிறார்கள்?

நிலாமுற்றம்
ஞாயிறு, காலை 11:30

இது என் பக்கம் வருகிற கேள்வி. நான் கோட்பாட்டு ஆள் இல்லை. மைக்ரோவேவ் மின்னணுவியல், கடுங்குளிரில் ஓடும் பெருக்கிகள்.

ஒரு ஆக்சியானின் நிறை 10 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்று வையுங்கள். நம்மைச் சுற்றியுள்ள கரும்பொருள் அடர்த்தியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் கோடி ஆக்சியான்கள் இருக்கும். அத்தனை நெருக்கம் என்பதால் அவற்றைத் துகள் துகளாக எண்ண முடியாது; ஓர் அலையாகத்தான் கேட்க வேண்டும். 1983ல் பியர் சிகிவி வழி சொன்னார்: வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் அலை மைக்ரோவேவாக மாறும். 10 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ், உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் அதே அதிர்வெண். நிறை தெரியாததால் எந்த அதிர்வெண் என்றும் தெரியாது. ஆகவே ஒத்ததிரும் செம்புக் குடம் ஒன்றைச் செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏ.டி.எம்.எக்ஸ் சோதனையில் 136 லிட்டர் கொள்ளளவுள்ள செம்பு பூசிய உருளை, அதைச் சுற்றி 7 டெஸ்லாவுக்கு மேல் காந்தம். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியில் ஆறேழில் ஒரு பங்கு வரை குளிர்விக்கிறார்கள். உள்ளே இரண்டு செம்புத் தண்டுகள். அவற்றைச் சுவரிலிருந்து நடுவை நோக்கித் துளித் துளியாகத் திருப்பினால் அதிர்வெண் மாறும். வரக்கூடிய சமிக்ஞையின் திறன் ஒரு வாட்டில் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு. அதிலும் பத்தில், நூறில் ஒரு பங்கு. 2018ல் அவர்கள் 2.66 முதல் 2.81 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் தேடி முடித்தார்கள். கரும்பொருள் முழுக்க ஆக்சியான் என்றால், ஒளியோடு மிக மெலிதாகவே பிணையும் (வினைபுரியும்) மாதிரியைக்கூட அந்தச் சிறு பட்டையில் பிடித்திருப்பார்கள். இல்லை. அடுத்த பட்டைக்குப் போனார்கள். அவர்கள் அணிக்குள்ளேயே ஒரு சிலர் மற்றவர்களுக்குத் தெரியாமல் பொய்ச் சமிக்ஞையை உள்ளே செலுத்தி, கண்டுபிடிக்கிறார்களா என்று சோதிப்பதும் உண்டு.

இந்த வேலையின் பாடு எனக்குத் தெரியும். நான் இருந்த ஆய்வகத்தில் ஒரு சின்னக் கேவிட்டியை, அதாவது அதே ஒத்ததிரும் குடத்தை, சோதித்துக்கொண்டிருந்தோம். திரையில் ஊசி மாதிரி ஒரு முகடு. மூன்று நாள் அப்படியே நின்றது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. காந்தத்தை அணைத்துப் பார்த்தோம், முகடு போகவில்லை. அங்கேயே முடிந்தது கதை, ஆக்சியான் என்றால் காந்தப்புலத்தோடு சேர்ந்து மறைய வேண்டும். தேடிப் பார்த்தால் ஒரு கேபிளின் இணைப்பி கால் திருகு தளர்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக வராந்தாவின் வைஃபை உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த இணைப்பியைக் குறட்டால் இறுக்கிய கணம் முகடு விழுந்தது. அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வடக்குவாசல்
ஞாயிறு, மதியம் 2:18

2020ல் "ஆக்சியான் கிடைத்துவிட்டது" என்று செய்தி படித்த ஞாபகம். இத்தாலியில் ஏதோ செனான் தொட்டி. அது என்ன ஆனது?

துகள்வழி
ஞாயிறு, மதியம் 3:40

கிரான் சாசோ மலைக்கடியில், திரவ செனான் தொட்டியில் கரும்பொருளைத் தேடிய செனான்1டி சோதனை. குறைந்த ஆற்றல் பகுதியில் 232 நிகழ்வுகள் வர வேண்டிய இடத்தில் 285 வந்தன. காரணமாக மூன்று சொன்னார்கள்: சூரியனிலிருந்து வரும் ஆக்சியான், நியூட்ரினோவுக்கு எதிர்பாராத காந்தத் திருப்புத்திறன், அல்லது தொட்டியில் கலந்த சொற்ப டிரிட்டியம். செய்தித்தாள்கள் முதலாவதை மட்டும் தலைப்பாக்கின. உண்மையாக இருந்திருந்தாலும் அது சூரிய ஆக்சியான், கரும்பொருள் இல்லை. அந்த நாட்களில் எங்கள் துறையில் தினம் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அவ்வளவு வலுவாகப் பிணையும் ஆக்சியான் இருந்தால் விண்மீன்கள் நாம் பார்ப்பதைவிட வேகமாகக் குளிர்ந்திருக்கும் என்பதால் எனக்கு அப்போதே நெருடியது. 2022ல் அடுத்த தலைமுறை செனான்என்டி இன்னும் தூய்மையான தொட்டியில் பார்த்தது. கூடுதல் எதுவும் இல்லை.

விண்மீன் குளிர்வது என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 1987 பிப்ரவரி 23ல் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து நியூட்ரினோக்கள் வந்தன. ஜப்பானின் கமியோகாண்டே கண்டறிவானில் 11, அமெரிக்காவின் ஐ.எம்.பி.யில் 8, ரஷ்யாவின் பக்சானில் 5. மொத்தம் இரண்டு டஜன். பத்து நொடிக்குச் சற்று மேல் அவை வந்துகொண்டே இருந்தன. அந்த விண்மீனுக்குள்ளே ஆக்சியான் தாராளமாக உண்டாகியிருந்தால், வெப்பத்தை அதுவே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும். நியூட்ரினோ மழை சீக்கிரமே நின்றிருக்கும். நிற்கவில்லை. 24 நியூட்ரினோக்களின் வருகை நேரத்தை வைத்து ஆக்சியான் இவ்வளவுதான் பிணையலாம் என்று எல்லை போட்டிருக்கிறோம். அந்த எல்லையை மீறாமல்தான் இன்றும் நான் மாதிரி எழுதுகிறேன். ஒரு துகளைப் பற்றி இன்னொரு துகள் சொன்ன சாட்சி. இயற்பியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு கிடையாது.

சுருளிக்கரை
ஞாயிறு, இரவு 8:05

தேனிக்காரன். பொட்டிபுரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகமும் இந்தக் கரும்பொருளுக்காகத்தானா? எங்கள் ஊரில் அதைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள். தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

துகள்வழி
ஞாயிறு, இரவு 9:20

அண்ணா, அதன் முதன்மை நோக்கம் கரும்பொருள் இல்லை. வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதி உண்டாகும் நியூட்ரினோக்களை 50,000 டன் காந்த இரும்புத் தகடுகளில் பிடித்து, மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது லேசு, எது கனம் என்ற வரிசையை அறிவதுதான் திட்டம். மலையின் வேலை மற்ற காஸ்மிக் கதிர்களைத் தடுப்பது. இந்த நாட்டுக்கு அதில் ஒரு பாரம்பரியம் உண்டு: 1965ல் கோலார் தங்க வயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்ட குழுக்களில் ஒன்று நம் ஆட்களுடையது.

2015ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், மாநில அரசின் எதிர்ப்பு என்று நின்றுவிட்டது. நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கு வராது, அவை இப்போதும் நம் உடம்பைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. ஆனால் மலையைக் குடைவது, நீர், மதிகெட்டான் சோலைக்குப் பக்கத்துக் காடு என்று ஊர் மக்கள் கேட்டவை உண்மையான கேள்விகள். "ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது வலிக்கிறது. ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து தமிழில் பேச வேண்டியது எங்கள் பொறுப்பு. அந்த நிறை வரிசையை அறிய சீனாவில் ஜூனோ என்ற 20,000 டன் கண்டறிவான் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

சுருளிக்கரை
ஞாயிறு, இரவு 9:48

இப்படி அன்றைக்கே யாராவது பேசியிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன் தம்பி. நன்றி.

மாலைவெயில்
திங்கள், மாலை 5:30

வகுப்பு முடிந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து தராசு வாங்கி வந்து அரிசியோடு தொடங்கினேன். கௌசிக் பெயரைச் சொன்னபோது அந்த மாணவி நோட்டில் எழுதிக்கொண்டாள். அரை விழுக்காடு என்றதும் "அப்போ நான் அரை மார்க் வாங்கிட்டேன்" என்றாள், வகுப்பே கைதட்டியது. மணி அடித்த பிறகும் நின்று இன்னொன்று கேட்டாள்: "நியூட்ரினோவுக்கு ஏன் அவ்வளவு குட்டி நிறைன்னும் தெரியாது, ஆக்சியான் இருக்கான்னும் தெரியாது. ரெண்டுக்கும் பதில் ஒண்ணாவே இருக்குமா?"

துகள்வழி
திங்கள், இரவு 10:12

சார், இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் இப்போது வேலை செய்வதே இந்தக் கேள்வியில்தான்.

நியூட்ரினோ நிறை குட்டியாக இருப்பதற்குச் சீசா முறை என்று ஒரு விளக்கம் உண்டு. சீசா பலகையின் ஒரு முனையில் மிகக் கனமான, நாம் பார்த்திராத ஒரு நியூட்ரினோ உட்கார்ந்தால் நம் நியூட்ரினோ மறுமுனையில் அந்தரத்தில் லேசாகிவிடும். அந்தக் கனத்துக்கு மிகப் பெரிய ஓர் ஆற்றல் அளவு வேண்டும். ஆக்சியானை எதோடும் ஒட்டாமல் வைக்கவும் அதே போல ஒரு பெரிய அளவு வேண்டும். இரண்டும் ஒன்றே என்று வைத்து 1980களிலிருந்தே மாதிரிகள் எழுதியிருக்கிறார்கள். 2016ல் பாலெஸ்டெரோஸ், ரெடொண்டோ, ரிங்வால்ட், தமாரிட் நால்வரும் ஏறக்குறைய 10,000 கோடி கிகா எலக்ட்ரான் வோல்ட் (ஒரு கிகா என்றால் நூறு கோடி) என்ற ஒரே அளவை வைத்து நியூட்ரினோ நிறை, கரும்பொருள், அந்த அரிசி மூட்டைப் புதிர் எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் கட்டினார்கள். சரி என்றால் ஆக்சியானின் நிறை 50 முதல் 200 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வர வேண்டும். அதாவது 12 முதல் 48 கிகாஹெர்ட்ஸ். அங்கே செம்புக் குடம் சுண்டுவிரல் தடிமனுக்குச் சுருங்கிவிடும், வேலைக்காகாது. ஆகவே ஹாம்பர்க்கில் மேட்மேக்ஸ் என்ற குழு குடத்துக்குப் பதிலாக மெல்லிய தட்டுகளை வரிசையாக அடுக்கிக் காந்தத்துக்குள் வைக்கத் தயாராகிறது.

இருக்கலாம் என்றே அவளிடம் சொல்லுங்கள். தட்டுகளை எந்த இடைவெளியில் அடுக்குவது என்ற கணக்கை அவள் இப்போதே போடலாம், அரை அலைநீளம்தான். 25 கிகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.

மாலைவெயில்
செவ்வாய், காலை 8:55

6 மில்லிமீட்டர் என்கிறாள். ஸ்கேலில் வைத்துக் காட்டினாள்.